மலைப்பாம்புக்குக் கேட்காமல் சொன்ன விலை

அன்புள்ள ஹுவேஃபா,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? ஒஹாயோ குளிரிலும் என் முழங்கால் பரவாயில்லை.

பொழுதுபோக்காக வளர்க்கும் மலைப்பாம்பு ஜோடியின் ஐந்து முட்டைகளும் பொரிந்துவிட்டன. எலி வாங்கிக் கட்டுப்படியாகாமல் எலியும் நானே வளர்க்கிறேன். என் விலங்கியல் முதுகலைப் படிப்பு இதற்காவது உதவுகிறது. எனக்கு வரவேண்டிய கல்லூரி வேலையைத்தான் உன் அண்ணன் சிபாரிசு பிடித்து வாங்கிக்கொண்டாரே.

குட்டிகளை விற்றால்தான் பெரியவற்றை வைத்துக்கொள்ள முடியும். சனிக்கிழமை பாம்புச் சந்தையில் கடை போட்டேன். ஒருவர் விலை கேட்டார். நம் ஊர் உய்தாவில் மலைப்பாம்பு வீட்டுக்குள் வந்தால் "தகப்பனே" என்று கும்பிட்டுக் கோயிலில் கொண்டுபோய் விடுகிறோமே, அந்தத் தகப்பன் முன்னால் எப்படி விலை சொல்வது? ஆளைத் தூணுக்குப் பின்னால் இழுத்துப்போய்க் காதில் சொன்னேன்.

பக்கத்துக் கடை டாரல் சிரித்தான். "என்னய்யா, திருட்டுப் பாம்பா விக்கிற?"

"மெதுவாப் பேசு, அவருக்குக் கேக்கும்."

"பாம்புக்கு ஏதுய்யா காது?"

"உங்க ஊர்ப் பாம்புக்கு இருக்காது."

ரகசிய விலை என்றதும் பெரிய தள்ளுபடி போலிருக்கிறது என்று கூட்டம் கூடிவிட்டது. நான்கு குட்டிகள் போயின. தீனிச் செலவுக்குக் கவலையில்லை. ஐந்தாவது என்னுடனே இருக்கட்டும். அறையில் பேச ஒருவர் வேண்டாமா?

கொஞ்சம் மிளகாய்த்தூளும், உன் குரல் பதிவும் அனுப்பு. விற்றது குற்றமா என்று கோயில் பூசாரியிடம் கேள். குற்றம் என்றால், அடுத்த ஈட்டுக் குட்டிகளையும் விற்றபிறகு எழுது. பேருந்து வந்துவிட்டது.

செக்லா