பாத்திரம் வற்றும்வரை

வைதோகோ,
ஆகஸ்ட் 9, ஞாயிறு.

அன்புள்ள அனாரே அண்ணாவுக்கு,

உன் தங்கை சலனியேட்டா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். ஆஸ்திரேலியாவில் ஆரஞ்சு பறித்துப் பறித்து விரல்கள் வெடித்துவிட்டதாக எழுதியிருந்தாய். அம்மா தேங்காய் எண்ணெய் அனுப்புகிறாள். சமையலுக்கு ஊற்றிவிடாமல் கையில் பூசிக்கொள்.

நான் குறிப்பெழுதும் திட்ட அலுவலகத்தில் வாயைத் திறக்காதே, சொன்ன இடத்தில் கையெழுத்துப் போடு என்றும் எழுதியிருந்தாய். வாயைத் திறக்க எனக்கு எப்போது வந்தது? ஆனால் கையெழுத்து விஷயத்தில் உன் பேச்சைக் கேட்கவில்லை.

செவ்வாயன்று நம் குடியிருப்பில் கருத்துக் கேட்புக் கூட்டம். கழிமுகத்தை மண் கொட்டி மூடிப் பூங்கா அமைத்து, நம் நாற்பது வீடுகளையும் தொலைவில் மேட்டுக்கு மாற்றப் போகிறார்களாம். நம்மவர்கள் முறைப்படி பெரிய பாத்திரத்தில் காவா வேர்ச்சாறு கலக்கி வரவேற்றார்கள். என் மேலதிகாரி செரெமாயா வரைபடத்தை விரித்து, "யாருக்காவது ஆட்சேபம் இருக்கா?" என்றார். விருந்தாளியை முகத்துக்கு நேரே மறுக்கும் வழக்கம் நமக்கு ஏது? எல்லோரும் தலைகுனிந்திருந்தார்கள். அவர் இரண்டு சிரட்டை குடித்துவிட்டு, "ஆட்சேபம் இல்லைன்னு எழுதிக்கோம்மா" என்று வண்டியேறினார். என் வீடு இங்கேதானே என்று நான் தங்கிவிட்டேன்.

வண்டி மறைந்த பிறகுதான் பேச்சே தொடங்கியது. "மேட்டுல வீடாம்! நண்டு மலையேறி வருமாடி?" என்றாள் வரனிசேசே அத்தை. படகுக்கார வைசாகே மாமா, "என் அடுப்பு இருக்கிற இடத்துல பெஞ்சு வரைஞ்சிருக்கான். எவன் உட்காருவான்னு நானும் பாக்கறேன்" என்றார். சிரிப்பு அடங்கியதும் அத்தை, "நாங்க போகமாட்டோம்" என்றாள். வீடு வீடாக அதையே சொன்னார்கள். பெயரோடு எழுதட்டுமா என்று கேட்டேன். "பெரிய எழுத்தா எழுது. அந்த ஆளுக்குக் கண்ணு சரியில்ல போல" என்றாள்.

காவாப் பாத்திரம் வற்றியது, கூட்டம் முடிந்தது என்று ஊர்ப் பெரியவர் அறிவித்தபோது மாலை மணி நான்கு. கூட்டக் குறிப்பில் முடிந்த நேரம் நான்கு என்று எழுதினேன். அதிகாரிகள் காலை பதினொரு மணிக்கு, நடுவில் எழுந்து சென்றனர் என்றும் எழுதிக் கையெழுத்திட்டேன்.

வெள்ளியன்று செரெமாயா கூப்பிட்டார். "நாங்க கிளம்பினப்புறம் நடந்தது கூட்டமா? வெறும் அரட்டை!" என்றார். நான் கேட்டுவிட்டேன், அண்ணா: "சார், நீங்க லாவுத் தீவுல பிறந்தவர். உங்க ஊர்ல பாத்திரம் வத்தறதுக்கு முன்னாடி கூட்டம் முடிஞ்சிருக்கா?" அவர் குறிப்பை என் பக்கமே திருப்பித் தள்ளினார். பிறகு, "மாத்தி எழுதிட்டு வா. இல்லேன்னா திங்கட்கிழமை வராதே" என்றார்.

நாளை திங்கள். மாற்றி எழுதவில்லை. ஆனாலும் போகிறேன். நான் மட்டுமல்ல; நாற்பது வீடும் வருகிறது. அத்தை பாத்திரத்தைத் துடைத்து வைத்துவிட்டாள். அலுவலகத் தரையில் பாய் விரித்துக் காவா கலக்கப் போகிறோம். நாளைக்கு நாங்கள்தான் விருந்தாளிகள். முகத்துக்கு நேரே மறுக்கட்டும், பார்க்கலாம்.

வேலை போனால் கோபித்துக்கொள்ளாதே. டிசம்பரில் வரும்போது பழைய பலகைப் பாலத்து வழியாகவே வா. மூன்றாவது பலகை மட்டும் ஆடுகிறது. பார்த்துக் கால் வை.

கடவுள் உன்னைக் காப்பாராக.

உன் தங்கை,
சலனியேட்டா