ஜோகூர் பாலத்துக்கு இந்தப் பக்கம்

அக்கா,

இன்று காலை தாம்பரம் கிழக்கில் வேளச்சேரி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாக ஒரு கர்சீப் பறந்து வந்து என் பக்கத்துச் சீட்டில் விழுந்தது. நீலக் கட்டம் போட்டது, வியர்வையும் பவுடரும் கலந்த வாசனை. கீழே கும்பலில் மாட்டிக்கொண்ட ஒரு பெண் கையை மட்டும் ஆட்டினாள். உள்ளே நின்றிருந்த ஒருவர் அதை ஒதுக்கிவிட்டு உட்கார்ந்தார். கண்டக்டர் விடவில்லை. "யோவ், கர்சீப்பு போட்டுக்கீது, கண்ணு தெர்ல? எயுந்திரு" என்றார். அவரும் மறு பேச்சு பேசாமல் எழுந்துவிட்டார். நம் ஊரில் அந்தத் துணிக்கு இருக்கும் மரியாதை பத்திரத்துக்குக்கூடக் கிடையாது.

நான் உங்கள் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தேன். மேடவாக்கம் ஃபிளாட்டைக் காலி செய்ய உங்கள் பிள்ளை சிங்கப்பூரிலிருந்து வந்திருக்கிறான். "ஆன்ட்டி, ஒரு தடவை வந்து பார்த்துட்டுப் போங்க" என்று நேற்று போன் செய்தான். நீங்கள் போய் மூன்று மாதம் ஆகப் போகிறது. அன்று மயானத்தில்கூட அவன் என்னிடம் சரியாகப் பேசவில்லை. இன்று எதற்குக் கூப்பிடுகிறான் என்பது எனக்குத் தெரிந்தே இருந்தது. அதனால் செம்பாக்கம் தாண்டும்வரை அந்தக் கர்சீப்பையே பார்த்துக்கொண்டு வந்தேன்.

நாம் முதன்முதலில் பார்த்துக்கொண்டதும் ஒரு கர்சீப்பால்தான். கொரோனாவுக்கு முந்தைய வருஷம், பர்மாவில் கலே என்ற ஊரின் பஸ் நிலையம். நான் தனியாகப் புறப்பட்டு வந்திருந்தேன். பல வருஷம் படுக்கையில் வைத்துப் பார்த்துக்கொண்ட அம்மா இறந்த பிறகு சேலையூர் வீட்டில் ஒரு இரும்புக் கட்டிலும் ஒரு சக்கர நாற்காலியும் நானும்தான் மிச்சம். பொத்தேரியில் பார்த்த கல்லூரி நூலக வேலையை விட்டுவிட்டு முதுகுப்பை ஒன்று வாங்கினேன். சொந்தக்காரர்கள் வேளாங்கண்ணிக்கு ஒரு நடை போய்விட்டு வரச் சொன்னார்கள். நான் கொஞ்சம் தள்ளிப் போய்விட்டேன். ரயிலில் கவுகாத்தி, ஜீப்பில் மணிப்பூர், எல்லையில் மோரே. அங்கே தலைமுறைகளாக இருக்கும் தமிழ்க் குடும்பத்தின் கடையில் இட்லி சாப்பிட்டபோது, "நல்லா சாப்பிட்டுக்கம்மா, அந்தப் பக்கம் போனா கிடைக்காது" என்று கடைக்காரர் இன்னும் இரண்டு வைத்தார்.

கலேயில் மண்டலே பஸ்ஸில் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியாகக் கட்டம் போட்ட கர்சீப் வந்து விழுந்தது. முன் சீட்டில், கன்னத்தில் சந்தனம் மாதிரி ஏதோ பூசிய பர்மியப் பெண் ஒருத்தி அதை எடுத்து, நாலாக மடித்து, ஐயோ பாவம் யாரோ தவற விட்டுவிட்டார்கள் என்று வெளியே நீட்டினாள். மறுபடி வந்து விழுந்தது. மறுபடி மடித்து நீட்டினாள், இந்தத் தடவை ஒரு கும்பிடும் போட்டு. மூன்றாவது தடவை வெளியிலிருந்து குரல் கேட்டது. "அட, சீட்டு பிடிக்கிறேன்மா தாயே."

தலையை வெளியே நீட்டி, "அக்கா, ஏறி வாங்க, நான் பார்த்துக்கறேன்" என்றேன். ஏறி வந்தீர்கள். புடவை இல்லை, சுடிதாரும் கான்வாஸ் ஷூவும். முதுகில் உங்களைவிடப் பெரிய பை. டிக்கெட்டில் சீட் நம்பர் போட்டிருப்பதையும், உங்கள் சீட் கடைசி வரிசையில் இருப்பதையும் நான்தான் காட்டினேன். நீங்கள் கொஞ்சமும் அசரவில்லை. "நம்பர் இருந்தா என்ன, போட்டு வெச்சா நமக்குத்தான்" என்றீர்கள். கடைசியில் அந்தப் பர்மியப் பெண்ணே என் பக்கத்து டிக்கெட்காரரிடம் பேசி உங்களுக்கு இடம் வாங்கிக் கொடுத்தாள்.

"எந்த ஊரும்மா?"

"தாம்பரம்."

"தாம்பரத்துல எங்க?"

"சேலையூர்."

"நான் மேடவாக்கம்" என்றீர்கள். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். "அடக் கடவுளே, ஷேர் ஆட்டோல வந்து பார்த்திருக்கலாமே உன்னை. இதுக்குப் போய் இவ்வளவு தூரமா?"

பஸ் மலை ஏறும்போது உங்கள் கதையைச் சொன்னீர்கள். தொலைபேசித் துறையில் டிரங்க் கால் போட்டுக் கொடுக்கும் ஆபரேட்டராகச் சேர்ந்தவர். ரங்கூன், பினாங்கு, சிங்கப்பூர் எல்லாவற்றோடும் பேசியிருக்கிறீர்கள், ஒன்றையும் பார்த்ததில்லை. கணவர் போன பிறகு, சிங்கப்பூரிலிருக்கும் ஒரே மகன் நிரந்தரமாக வந்துவிடும்படி விமான டிக்கெட் அனுப்பினான். அதை ரத்து செய்யச் சொல்லிவிட்டுத் தரை வழியாகக் கிளம்பிவிட்டீர்கள். அவனுக்கு உங்கள் மேல் கோபம், உங்களுக்கு அவன் மேல் இல்லை. அவ்வளவுதான் அன்று சொன்னீர்கள். அதற்கு மேல் நானும் கேட்கவில்லை. கேள்வி கேட்காத ஆள் என்றுதான் என்னைக் கூடவே வைத்துக்கொண்டதாகப் பின்னால் ஒரு நாள் சொன்னீர்கள்.

பாங்காக்கில் அடுக்குக் கட்டில் போட்ட ஹாஸ்டலில் தங்கினோம். ஒரு ஜெர்மன் பெண் சளி பிடித்துச் சுருண்டு கிடந்தாள். சந்தையில் புளி வாங்கி, பையிலிருந்த பொடியைப் போட்டு ரசம் வைத்துக் கொடுத்தீர்கள். அவள் குடித்துவிட்டு, எங்கேயோ கற்றுக்கொண்ட ஒரே இந்திய வார்த்தையாக "அம்மா" என்றாள். நீங்கள் விரலை ஆட்டினீர்கள். "நோ அம்மா. அக்கா." அவளும் அக்கா என்றாள். மறுநாள் ஹாஸ்டலே அக்கா என்றது. ஏன் இந்தப் பிடிவாதம் என்று கேட்டதற்கு, "அம்மான்னு கூப்பிட்டா உடனே வேலை வந்துடும், ரோஸ்லின்" என்றீர்கள். ரசம் வைப்பது வேலை இல்லையா என்று கேட்டேன். "அது நானா வெச்சது" என்றீர்கள்.

தெற்கே இறங்க இறங்க நீங்கள் மெதுவாகிவிட்டீர்கள். மலேசிய எல்லைக்கு முன்னால் ஹாட்யாயில் இரண்டு நாள் என்று சொல்லி ஒரு வாரம் ஆயிற்று. பினாங்கில் தினமும் இன்னும் ஒரு கோவில் பாக்கி இருந்தது. படகில் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே ஒரு மாலை நீங்களாகவே பேசினீர்கள். "ஏர்போர்ட்ல வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போயிட்டான்னா அதோட சரி. இப்படிப் போனா, போய்ச் சேர்ற வரைக்கும் யோசிக்கலாம்ல?" இருப்பதா திரும்புவதா என்று நீங்கள் இன்னும் முடிவு செய்யவில்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதுவரை நான் ஏதோ ஊர் சுற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜோகூர் வந்தது. பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர். நீங்கள் முதுகுப்பையை என்னிடம் விட்டுவிட்டு, ஒரு கைப்பையோடு கிளம்பினீர்கள். "பத்து நாள்ல வரேன். மூட்டையே உன்கிட்ட இருக்கு, வராமப் போயிடுவேனா?" என்றீர்கள். மூட்டையில் இருந்ததெல்லாம் மூன்று சுடிதாரும் ஒரு தைல பாட்டிலும்தான். அதற்காக யாரும் திரும்பி வர மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

கீழே தமிழ் முஸ்லிம் ஒருவரின் சாப்பாட்டுக் கடை, மேலே என் அறை. மாலையில் கடலோரம் போய் அந்தப் பக்கத்துக் கட்டடங்களைப் பார்ப்பேன். நீங்கள் வராவிட்டால் எனக்கு என்ன நஷ்டம் என்று கேட்டுக்கொள்வேன். ஒரு பழக்கம் விட்டுப் போகும், வேறென்ன என்று பதிலும் சொல்லிக்கொள்வேன். பொய். எனக்குப் பயமாக இருந்தது. பத்தாம் நாள் போன் செய்தீர்கள். "குழந்தைக்கு ஜுரம். ரெண்டு நாள் பொறு." இரண்டு நாளும் போயிற்று. என் விசாவும் முடிகிற நேரம். கடைக்காரர் பரிதாபப்பட்டு, "உங்க அக்கா பிள்ளைகிட்ட செட்டில் ஆயிட்டாங்கம்மா, நீங்க ஊரைப் பார்த்துப் போங்க" என்றார். அன்று மதியம் நீங்கள் வந்தீர்கள். கண் வீங்கியிருந்தது. கையில் மருமகள் கொடுத்த முறுக்கு.

கோலாலம்பூர் ரயிலில் ஏறிய பிறகுதான் வாயைத் திறந்தீர்கள். உங்களுக்கென்று ஒரு அறை. அதில் சாமி அலமாரி. குளியலறையில் வழுக்காமலிருக்கக் கைப்பிடி. கிழமை வாரியாக மாத்திரை போட்டு வைக்க ஒரு பெட்டி. தமிழ்ச் சேனல். பேத்தி உங்கள் வயிற்றின்மேல்தான் தூங்கினாள். "ஒரு குறை சொல்ல முடியலை, ரோஸ்லின். எல்லாம் எனக்காக எடுத்து வெச்சிருக்கான்" என்றீர்கள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "அவன் என்னை நல்லாத்தான் வெச்சுக்குவான். அதான் பயமா இருக்கு" என்றீர்கள்.

கைப்பிடி, மாத்திரைப் பெட்டி, எல்லாம் நானும் அம்மாவுக்கு வாங்கினவள்தான். படுக்கையில் விழுவதற்கு முந்தைய வருஷம், தாம்பரம் மார்க்கெட்டுக்கு பஸ்ஸில் போய் வர வேண்டும் என்று அம்மா ஒரு நாள் கேட்டாள். எதற்கு அலைச்சல் என்று காய்கறியை வீட்டுக்கே வரவழைத்தேன். என்ன அருமையான பெண் என்று கோவிலில் எல்லாரும் சொன்னார்கள். அம்மா அன்று காய் நறுக்கவில்லை. அதை நான் உங்கள் ரயிலில்தான் யோசித்தேன்.

திரும்பி வந்தது விமானத்தில். மீனம்பாக்கத்தில் இறங்கி, ஜி.எஸ்.டி. ரோட்டில் குரோம்பேட்டை நெரிசலில் டாக்ஸி நின்றபோது, "இத்தனை நாள் நடந்ததை நாலு மணி நேரத்துல சுருட்டிட்டானுங்களே" என்று அலுத்துக்கொண்டீர்கள். அதற்குப் பிறகு நீங்கள் வாழ்ந்ததெல்லாம் எனக்குத் தெரியும். தண்ணீர் லாரிக்காரனோடு சண்டை, அடுக்ககச் சங்கத்தில் சண்டை, சொல்லாமல் கொள்ளாமல் காஞ்சிபுரத்துக்கு பஸ். ஞாயிற்றுக்கிழமை நான் கோவில் முடிந்து வந்தால் இரண்டு பேருக்கும் சமையல். மகன் தினமும் சாயங்காலம் கூப்பிடுவான். இரண்டு தடவை வந்து அழைத்தான், மூன்றாவது தடவை கெஞ்சினான். நீங்கள் சிரித்துக்கொண்டே போனைக் குழந்தையிடம் கொடுக்கச் சொல்வீர்கள். ஒரு மதியம் பக்கெட்டில் துணியை ஊற வைத்துவிட்டு உட்கார்ந்த இடத்தில் போய்விட்டீர்கள். எதிர்வீட்டுக்காரர்தான் எனக்குச் சொன்னார். வந்து பார்த்துவிட்டு அந்தத் துணியை நான் அலசிக் காயப் போட்டேன். வேறென்ன செய்வது என்று தெரியவில்லை.

இன்று அவன் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்திருந்தான். காபி போடப் பாத்திரம் எல்லாம் கட்டியாயிற்று என்று மன்னிப்புக் கேட்டான். முகம் உங்களுடையதுதான், அந்தத் தாடை. நேராக விஷயத்துக்கு வந்தான்.

"நீங்கதான் அம்மாகிட்ட போக வேணாம்னு சொன்னீங்கன்னு இவ்வளவு நாள் நினைச்சுட்டிருந்தேன், ஆன்ட்டி."

"நான் ஒண்ணும் சொல்லலை, தம்பி."

"அப்ப எங்ககிட்ட என்ன குறை? எனக்குத் தெரிஞ்சே ஆகணும். கடைசில தண்ணி குடுக்கக்கூட ஆள் இல்லாம..." அவனால் முடிக்க முடியவில்லை.

நீங்கள் ரயிலில் சொன்னதை அப்படியே சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டா என்று தெரியாது. நீங்கள் அவனிடம் சொல்லவில்லை, சொல்லாதே என்று என்னிடமும் சொல்லவில்லை. அவன் வெகு நேரம் டேப்பைக் கையில் சுற்றிச் சுற்றிப் பிரித்தான்.

"அப்ப நல்லா வெச்சுக்கறேன்னு சொல்லாம இருந்திருந்தா வந்திருப்பாங்களா?"

"வந்து வந்து போயிருப்பாங்க" என்றேன்.

தலையை ஆட்டினான். அழுதானா என்று நான் பார்க்கவில்லை, ஜன்னலைச் சாத்துகிற சாக்கில் எழுந்துவிட்டேன். கிளம்பும்போது வாசல்வரை வந்து லிஃப்ட் பட்டனை அவனே அழுத்தினான். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டான்.

"ஒரு தடவையாவது தயங்கினாங்களா, ஆன்ட்டி? எங்ககிட்டயே திரும்பி வந்துடலாமான்னு?"

"இல்லை, தம்பி" என்றேன்.

அன்று கோலாலம்பூர் போகும் வழியில் குளுவாங் ஸ்டேஷனில் வண்டி நின்றதும் நீங்கள் எழுந்தீர்கள் அக்கா. கதவுவரை போய் ஒரு காலைப் பிளாட்பாரத்தில் வைத்தீர்கள். எதிர்ப்பக்கம் ஜோகூர் போகும் வண்டி நின்றுகொண்டிருந்தது. என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். வாருங்கள் என்றும் நான் சொல்லவில்லை, போங்கள் என்றும் சொல்லவில்லை. எது சொல்லியிருந்தாலும் கேட்டிருப்பீர்கள். அந்த வண்டி முதலில் கிளம்பிற்று. பிறகுதான் காலை எடுத்து உள்ளே வைத்தீர்கள்.

இதை அவனிடம் சொன்னால் ஆயுசுக்கும் அந்தப் பிளாட்பாரத்தில் போய் நின்றுவிடுவான். அங்கே நிற்க நான் ஒருத்தி போதும்.