சாம்பலிக்கு ஊட்டிய கடலை

9 ஜூலை 1983, சனிக்கிழமை
காலை ஒன்பது மணி

அன்பு மகள் ஆனலீஸுக்கு,

இன்று காலை ஏழு பத்துக்கு வானொலியில் சொன்னார்கள்: பிரான்சின் கஹோரில் ஆறரை மணிக்குப் பந்தயப் புறாக்களின் கூடைகளைத் திறந்துவிட்டார்கள், வானம் தெளிவு, காற்று வடகிழக்கு. நான் நன்றாக இருக்கிறேன். அப்பாவுக்கு இடுப்பில் வைத்த தகடு சரியாகப் பொருந்தியிருக்கிறது என்று வியாழக்கிழமை டாக்டர் என்னிடமே சொன்னார், காய்ச்சலும் இல்லை. அந்தக் குளிர்ப் பிரதேசத்தில் நீயும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நலமாக இருக்க வேண்டும், போன கடிதத்தில் எழுதியிருந்த இருமல் நின்றதா என்று அடுத்ததில் தவறாமல் எழுது. நாளை நீ தொலைபேசியில் கூப்பிடுவாய், தெரியும். ஆனால் அப்போது இர்மா அத்தை பக்கத்தில் நிற்பாள். அவள் எதிரில் பேச முடியாத ஒன்றைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அப்பா ஏணியிலிருந்து விழுந்த நாள் முதல் புறாக்கூண்டு என் பொறுப்பு. மற்றவற்றைப் புறாச் சங்கத்து ரெமி பார்த்துக்கொள்கிறேன் என்றான், ஆனால் சாம்பலியை மட்டும் வேறு யார் கையிலும் விட அப்பாவுக்கு மனமில்லை. மூன்று வருடமாகக் கஹோர் பந்தயத்துக்கென்றே வைத்திருக்கும் பெட்டை அது. போன வருடம் இறகு ஒடிந்து அனுப்ப முடியவில்லை, அதற்கு முந்தின வருடம் மழை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்தபடி அவர் சொல்லச் சொல்ல காலண்டரின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டு வந்தேன். ஞாயிறும் திங்களும் பார்லிதான் அதிகம், வயிறு லேசாக இருக்க வேண்டும். செவ்வாய் குளிக்கத் தொட்டி வைக்க வேண்டும், அன்று பாதி பார்லி, பாதி மக்காச்சோளமும் பட்டாணியும். புதனும் வியாழனும் மக்காச்சோளம் தின்கிற மட்டும், அதோடு காலை மாலை பன்னிரண்டு பச்சை வேர்க்கடலை, தோல் நீக்கியது, கிண்ணத்தில் போடாமல் உள்ளங்கையிலிருந்து ஊட்ட வேண்டும். தண்ணீர் இரண்டு வேளையும் மாற்ற வேண்டும். தினமும் அலகைத் திறந்து தொண்டை இளஞ்சிவப்பாக இருக்கிறதா, நெஞ்சு இறகை ஊதி விலக்கித் தோல் செதிலில்லாமல் இருக்கிறதா, எச்சம் சிறிதாகக் கெட்டியாக வெள்ளைத் தொப்பி போட்டிருக்கிறதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். ஒரு நாளும் தவறவில்லை. முட்டையின் மேல் உட்கார்ந்து பத்தாம் நாளில் கிளம்பும் பெட்டைதான் வீட்டை நினைத்துப் பறக்கும் என்பது அப்பாவின் கணக்கு, அதுவும் நாள் பிசகாமல் அமைந்தது. புதன் காலை தரையில் நெஞ்சுத் தூவி ஒன்று உதிர்ந்து கிடந்தது. அதைச் சொன்னபோது அப்பா படுக்கையில் எழுந்து உட்காரப் பார்த்து நர்ஸிடம் திட்டு வாங்கினார். புறா தயாராகிவிட்டது என்பதற்கு அதைவிட அடையாளம் இல்லையாம்.

புதன் காலையோடு கடலை தீர்ந்துவிட்டது. இர்மா அத்தை கடைத்தெருவுக்குப் போனாள், தோல் நீக்கிய கடலை ஒரு பை வாங்கி வா என்றேன். என்ன கடலை என்று நான் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. வந்ததை டப்பாவில் கொட்டினேன். நிறம் கொஞ்சம் மஞ்சளாகத்தான் இருந்தது, புதுச் சரக்கு என்று நினைத்துக்கொண்டேன். அன்று மாலை பன்னிரண்டு, மறுநாள் காலை பன்னிரண்டு. என் விரலையே கடித்துவிடுவாள் போலத் தின்றாள். வியாழன் காலை பார்த்தால் தண்ணீர்ப் பானை பாதி காலி, எச்சம் நீராக இருந்தது. வெயில் முப்பதைத் தாண்டியிருந்ததால் சூடு என்று எடுத்துக்கொண்டேன். பிற்பகல் நான்கு மணிக்குச் சங்கத்தில் கொண்டுபோய்க் கொடுத்தேன். ரெமி அவளைக் கையில் வாங்கி எடை பார்த்தான், புருவத்தைத் தூக்கினான். காலில் பந்தய ரப்பர் வளையத்தை மாட்டிப் பதினேழாம் கூடையில் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்து காபி போட்டேன். இர்மா அத்தை டப்பாவைத் திறந்து நாலு கடலையை வாயில் போட்டுக்கொண்டு, நல்லாத்தான் வறுத்திருக்கான், உப்புதான் ஒரு பிடி கூட என்றாள். நானும் ஒன்றை வாயில் போட்டேன். ஆனலீஸ், வறுத்து உப்பிட்ட கடலை அது, அந்த உப்புதான் அவளை அவ்வளவு தண்ணீர் குடிக்க வைத்திருக்கிறது. அவளிடம் எதுவும் சொல்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு சங்கத்துக்கு ஓடினேன். பிரான்சுக்குப் போகும் லாரி நின்றுகொண்டிருந்தது, ஆனால் கூடைகளுக்கு ஈய முத்திரை போட்டாகிவிட்டது. முத்திரை விழுந்த கூடையைப் போப்பாண்டவர் வந்தாலும் திறக்க மாட்டார்கள் என்று உனக்குத் தெரியும். காரணத்தைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நாற்பது பேர் நிற்கிறார்கள், சொன்னால் இருட்டுவதற்குள் ஆஸ்பத்திரி வரை போய்விடும். பதினேழாம் கூடைக்குக் கொஞ்சம் கூடத் தண்ணீர் வையுங்கள் என்று மட்டும் லாரிக்காரரிடம் கேட்டேன். அவர், "எல்லாக் கூடைக்கும் ஒரே தண்ணிதாம்மா. உங்க வீட்டு மகாராணிக்கு மட்டும் எலுமிச்சம்பழம் பிழிஞ்சு ஊத்தணுமா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ரெமி மட்டும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே வந்து, "என்ன ஆச்சு ஆலிடா அக்கா, முகம் பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்று கேட்டான். குடையை மறந்துவிட்டேன் என்றேன். அந்த வெயிலில் மழைக்குடை.

நேற்று ஆஸ்பத்திரியில் அப்பா கேட்ட முதல் கேள்வி, எப்படிப் போனாள். பட்டு மாதிரிப் போனாள் என்று சொல்லிவிட்டேன். அவர் கண்ணை மூடிச் சிரித்துக்கொண்டே தூங்கிவிட்டார். விழுந்த நாளிலிருந்து வலி மாத்திரை இல்லாமல் தூங்கியது நேற்றுத்தான் என்று நர்ஸ் சொன்னாள். கல்யாணமாகி முப்பத்தாறு வருடத்தில் அவரிடம் நான் பொய் சொன்னதில்லை என்று எழுத மாட்டேன், ஆனால் புறா விஷயத்தில் சொன்னதில்லை.

பிற்பகல் இரண்டு மணி

இடையில் அப்பாவிடமிருந்து தொலைபேசி வந்தது, அதனால்தான் விட்டுப்போயிற்று. பக்கத்துக் கட்டில்காரரின் ரேடியோவில் காலைச் செய்தியை அப்பாவும் கேட்டிருக்கிறார். எதிர்க்காற்று, இங்கே முப்பத்தொரு டிகிரி, பிரான்சில் இன்னும் அதிகம். எழுநூற்று அறுபது கிலோமீட்டரை எந்த வேகத்தில் வருவாள் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர், பேச்சோடு பேச்சாக, கடைசியாக என்ன தின்றாள் என்று கேட்டார். எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. டப்பாவிலிருந்து குடை வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். பிறகு எத்தனை கடலை என்றார், இருபத்து நாலு என்றேன். தண்ணீர் குடித்தாளா என்றார், பானை பாதி காலி என்றேன். அப்படியானால் உப்பு எச்சத்தோடு வெளியே போயிருக்கும், உடம்பில் தெம்பும் கொஞ்சம் போயிருக்கும், வழியில் தாகம் எடுத்து எங்கேயாவது வாய்க்காலில் இறங்கித்தான் ஆவாள், இறங்குகிற புறாவுக்குப் பருந்தும் உண்டு, மின்கம்பியும் உண்டு என்றார். என்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை, கேட்டதற்குப் பதில் சொல்கிற மாதிரிதான் சொன்னார். இர்மாவிடம் மூச்சு விடாதே, தெரிந்தால் அவள் ஆயுசுக்கும் உப்பில்லாக் கடலையாக வாங்கி அனுப்பிக்கொண்டே இருப்பாள் என்றும் சொன்னார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "ஏன் ஆலிடா நேத்தே சொல்லல?" என்றார். நீங்கள் தூங்கினீர்கள் என்றேன்.

தொலைபேசியை வைக்கப் போகும்போது மறுபடி என் பெயரைச் சொல்லி நிறுத்தினார். சாம்பலி வந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று முதல் நாளே எனக்கு மனப்பாடம் செய்வித்திருந்தார்: பிடி, ரப்பரைக் கழற்று, கடிகாரப் பெட்டியில் போடு, சாவியைத் திருப்பி வந்த நேரத்தைப் பதி, மற்றதெல்லாம் அப்புறம். மரக்கரண்டிக் காம்பில் ரப்பரை மாட்டி நூறு தரமாவது பழகியிருப்பேன். இப்போது சொன்னார்: "ரப்பரை விடு. வந்தா முதல்ல தண்ணி குடிக்கட்டும். குடிச்சு முடிச்சு அவளா தலையத் தூக்கட்டும், அப்புறம் பிடி." ஒரு நொடி தாமதத்தில் பரிசு போயிற்று என்று ஊரில் எத்தனை பேரோடு சண்டை போட்ட மனிதர். சரி என்று சொல்லி வைத்தேன்.

இர்மா அத்தை நாலு மணிக்கு ரயிலடிப் பக்கம் போகிறாள், இதைத் தபாலில் போட அவளிடம்தான் கொடுத்து அனுப்ப வேண்டும், நன்றாக ஒட்டிவிடுகிறேன். இது கைக்கு வந்த பிறகு நீ கூப்பிடும்போது அவள் காதில் விழும்படி கடலை என்ற சொல்லை எடுக்காதே. விடுப்புப் போட்டு ஓடி வருகிறேன் என்று எழுதியிருந்தாய், வேண்டாம் கண்ணே, அப்பா நடக்க ஆரம்பித்த பிறகு வா, அப்போதுதான் அவருக்கும் மகிழ்ச்சி. வேளைக்குச் சாப்பிடு. கர்த்தர் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருப்பார்.

சாம்பலியின் ஜோடி ஆண் புறா வியாழனிலிருந்து முட்டையை விட்டு எழுந்திருக்கவே இல்லை, அவள் வந்ததும் குடிக்கத் தண்ணீரை அதன் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன். அப்பா போட்ட கணக்கில் மாலை ஆறு மணிக்கு முன்னால் வர வழியில்லை. இங்கே கோடையில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும். அதற்குள் வராவிட்டால் வெளியே தங்கிவிட்டாள் என்று அர்த்தம், நாளை விடியற்காலை ஐந்து மணியிலிருந்து மறுபடி பார்க்க வேண்டும். பந்தயம் நாளை இரவு முடிகிறது. அதற்குப் பிறகும் நான் தண்ணீரை எடுக்கப் போவதில்லை.

உன் நினைவாகவே இருக்கும்
அம்மா ஆலிடா