வரப்புப் பூத் தலையணை

மார்ச் 2

நான் கடையில் குடித்துவிட்டுத் தூங்கினேன் என்று எதிர்க்கடை கம்பவுண்டர் ஊரெல்லாம் சொல்லி வருகிறார். பாதிதான் சரி. தூங்கினேன். குடிக்கவில்லை.

உள்ளூர்க்காரர்கள் செய்யும் பொருள்களை விற்கிற எங்கள் கடையில் எதை வைப்பதானாலும் முதலில் ஏழு நாள் நானே பயன்படுத்திப் பார்ப்பேன். ஒரு சோப்பு என் முழங்கையைத் தடிக்க வைத்தது, திருப்பி அனுப்பினேன். ஒரு மை காய்வதற்குள் பழுப்பேறியது, அதையும்தான். நேற்று பருத்திக் குத்தகைக்காரி ஒருத்தி தலையணை கொண்டுவந்தாள். வரப்போரம் முளைக்கும் ஊதாப் பூவைக் காயவைத்து அடைத்திருக்கிறாள்.

"தூக்கம் வராதவங்களுக்கும்மா. எங்க வீட்ல எல்லாரும் இதுலதான் படுக்கிறோம்."

மேஜைமேல் வைத்து, சும்மா தலையைச் சாய்த்துப் பார்த்தேன். விளக்கு வைக்கும் நேரத்தில் யாரோ எழுப்பினார்கள். இதுதான் நடந்தது. சீமைத் தூக்க மருந்தைப் புட்டி புட்டியாக விற்கிற மனிதருக்கு எரிச்சல் வராமல் இருக்குமா?

மாதக் கடைசியில் விவசாயக் கண்காட்சி. சர்க்கார் ஆஸ்பத்திரிக்குச் சாமான் வாங்குகிற துரை வருகிறார். என் கையெழுத்துள்ள பொருளுக்குத்தான் அங்கே எங்கள் மேஜையில் இடம். குத்தகைக்காரி ஒரு துண்டு நிலத்தில் பருத்தியைப் பிடுங்கிவிட்டுப் பூவை வளரவிட்டிருக்கிறாள். ஆர்டர் வராவிட்டால் நிலக்காரர் குத்தகையைப் பிடுங்கிக்கொள்வார். வரப்பில் கிடைத்த இந்த வருடப் பூ இந்த ஒரு தலையணைக்குத்தான் போதுமாக இருந்ததாம்.

மார்ச் 4

என் வீட்டுக்காரர் வந்தார். போய்ச் சேர்ந்த இத்தனை வருடத்தில் ஒருமுறைகூடக் கனவில் வராத மனிதர். கட்டிலருகே நின்றுகொண்டு, "கடிகாரத்துக்குச் சாவி குடுத்தியா?" என்றார். கொடுக்கவில்லை. விழித்ததும் எழுந்துபோய்க் கொடுத்தேன்.

மார்ச் 5

இன்றும் வந்தார். கையில் குடை நனைந்திருந்தது. வெளியே மழையே இல்லை.

மார்ச் 6

மருமகள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே கேட்டாள். "அத்தை, அந்தத் தலையணையை எனக்கும் ஒரு நாள் தாங்களேன். மாமா குடையோட வந்தாராமே? நான் அவரைப் பார்த்ததே இல்லை."

அவள் இந்த வீட்டுக்கு வந்தது அவர் போன பிறகு. ஆனாலும் சட்டம் சட்டம்தான். "சோதனையில இருக்கிற பொருளை இரவல் குடுக்கிறதில்லை" என்றேன்.

குடையைப் பற்றி நான் யாரிடமும் சொல்லவில்லையே.

மார்ச் 7

விடிந்து வெகுநேரமாகியும் மருமகள் எழவில்லை. பால் பொங்கி அடுப்பே அணைந்தது. மகன் வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து விடிய விடியப் புரண்டுகொண்டிருப்பவள். கம்பவுண்டரின் புட்டியை வாங்கிவிட்டாளோ?

மார்ச் 8

ஏழு நாள் முடிந்தது. கையெழுத்துப் போட வேண்டும். பேனாவை எடுத்தேன், வைத்தேன். போட்டால் தலையணை கண்காட்சி மேஜைக்குப் போய்விடும்.

குத்தகைக்காரியிடம், சோதனை இன்னும் முடியவில்லை என்று சொல்லி அனுப்பினேன். பொய். எழுதும்போதே கை கூசுகிறது.

மார்ச் 13

அவர் சர்வே உத்தியோகத்தில் இருந்தவர். இன்று என்னையும் வேலைக்கு அழைத்துப் போனார். முழங்கால் உயரம் ஊதாப் பூ. அளவுச் சங்கிலியின் ஒரு முனை என் கையில், மறுமுனையோடு அவர் நடந்துகொண்டே இருந்தார். சங்கிலி முடியவில்லை, காடும் முடியவில்லை. புள்ளியாகத் தெரிகிற தூரத்திலிருந்து, "தொய்வா புடிக்காதே!" என்று கத்தினார். அந்தக் குரலில் அந்தக் கண்டிப்பைக் கேட்டு எவ்வளவு காலமாயிற்று! விழித்தபோது விரல்கள் மூடியே இருந்தன. திறக்க மனம் வரவில்லை.

மார்ச் 17

குத்தகைக்காரி நேரிலேயே வந்துவிட்டாள். கம்பவுண்டர் தன் கடைவாசலிலிருந்து, "சத்தம் போடாதேம்மா, பெரியம்மா தூங்கி எந்திரிக்கட்டும்!" என்றார். அவருடைய வாடிக்கைக்காரர்கள் சிரித்தார்கள்.

அவள் சிரிக்கவில்லை. "நல்லா இல்லைன்னா இல்லைன்னு சொல்லிடுங்கம்மா. பூவை அழிச்சுட்டு மறுபடி பருத்தியே போட்டுக்கிறேன். ஏழு நாள்னு நீங்கதானே சொன்னீங்க?"

நான்தான் சொன்னேன். நாளை சொல்கிறேன் என்றேன். கான்வென்ட்டில் படித்த காலத்தில் மதர் சுப்பீரியர் முன்னால்கூட நான் இப்படிக் கண்ணைத் தாழ்த்தி நின்றதில்லை.

மார்ச் 18

கையெழுத்துப் போடுவதற்குமுன் கடைசிப் பரிசோதனை. தையலின் தரத்தை உள்பக்கம் பார்த்துத்தான் சொல்ல வேண்டும் என்று கான்வென்ட்டில் பழக்கியிருக்கிறார்கள். ஒரு மூலையைப் பிரித்தேன்.

பூ இல்லை. பஞ்சு. நம் வீட்டுப் பழைய மெத்தைப் பஞ்சு. உறையும் குத்தகைக்காரி தைத்ததல்ல, அதே மாதிரித் துணியில் புதிதாகத் தைத்தது. நெருக்கமான, ஒரே அளவான பின்தையல் — நானே கற்றுக்கொடுத்த தையல்.

கூடம் வரை போனேன். மருமகள் பாடிக்கொண்டே துணி மடித்துக்கொண்டிருந்தாள். கண்ணுக்குக் கீழே இருந்த கருப்பைக் காணோம். திட்டுவதற்காகத்தான் போனேன். திரும்பி வந்துவிட்டேன்.

பஞ்சில் படுத்தா அந்தக் காட்டை நடந்தேன்? அப்படியென்றால் அந்தச் சங்கிலி? அவர் பூவுக்காக வரவில்லையா?

இனி இதை உனக்கே எழுதுகிறேன், பெண்ணே. நீ இந்த நோட்டைப் படிக்கிறாய் என்று குடை விஷயத்திலேயே தெரிந்துவிட்டது. பக்க மூலையை மடிக்காதே, நான் மடிப்பதில்லை.

வாய்விட்டுக் கேட்க எனக்கு வராது. எந்த இரவு தலையணையை மாற்றினாய்? எட்டாம் தேதிக்குப் பிறகு என்றால் சோதனை என்னுடையது, நான் கையெழுத்திடுகிறேன். ஆறாம் தேதியே என்றால் — அன்றுதான் என்று நினைக்கிறேன் — பூவில் ஏழு இரவுக்கு மேல் தூங்கியவள் நீ. அப்போது கையெழுத்து உன்னுடையது. முழுப் பெயராக, தெளிவாகப் போடு. துரை கேட்டால் இந்தக் கடையில் சோதிப்பவர்கள் இரண்டு பேர் என்று சொல்லிக்கொள்கிறேன். குத்தகைக்காரியைக் காலையில் வரச் சொல்லி ஆள் அனுப்பிவிட்டேன். உன்னிடம் இருக்கும் பூத்தலையணையை அவள் வருவதற்குள் கடை மேஜையில் கொண்டுபோய் வை. பஞ்சுத் தலையணையின் மூலையைத் தைத்து என் கட்டிலிலேயே போடு. எனக்கு அது போதும்.

இன்னொன்று. மாமா உன்னிடமும் வந்தாரா? வந்திருந்தால் என்ன சொன்னார்?

பதிலை இதற்குக் கீழேயே, தேதி போட்டு, மையில் எழுது.