துரை காருக்கு ஒதுங்கி நின்றேன், அப்பா

என் பிரியத்துக்குரிய அப்பாவுக்கு,

கோபமாகத்தான் எழுதுகிறேன். பாதிக் கோபம் உங்கள் மேல், மீதி என் மேல். கோலா சிலாங்கூரில் நேற்று கார் லைசென்ஸ் சோதனையில் ஃபெயிலாகிவிட்டேன்.

அம்மாவுக்கு நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்குகிறது. தம்பி ராவாங் ஃபேக்டரியில் வேலை, வாரக் கடைசியில்தான் மோட்டார் சைக்கிளில் வருகிறான். அம்மாவுக்காக அவன் வாங்கிய பழைய கார் நம் லயத்து வீட்டுக்கு முன்னால் நிற்கிறது. ஓட்டத்தான் ஆளில்லை. அதனால்தான் நான் கிளம்பினேன்.

படிக்காமல் போகவில்லை. சாலை விதிகளை மலாய்ப் புத்தகத்தில் மனப்பாடம் செய்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொன்னேன். மேட்டில் நிறுத்திய வண்டியைப் பின்னால் வழுக்கவிடாமல் எடுத்தேன். கம்புகளுக்கு நடுவில் ஒன்றையும் இடிக்காமல் கொண்டுபோய் நிறுத்தினேன். கற்றுக்கொடுத்த மாஸ்டர் தூரத்தில் நின்று தலையாட்டினார். ரோட்டில் ஓட்டிக் காட்டுவது ஒன்றுதான் பாக்கி.

டவுனைத் தாண்டியதும் எதிரே நம் எஸ்டேட் துரையின் வெள்ளைக் கார் வந்தது. நான் என்ன செய்தேன் தெரியுமா? சிக்னல் போடவில்லை, கண்ணாடியும் பார்க்கவில்லை. வண்டியைப் புல்லில் இறக்கி நிறுத்தி, இறங்கி நிற்பதற்குக் கதவையும் திறந்துவிட்டேன். ஏன் நிறுத்தினாய் என்று பக்கத்தில் இருந்த அதிகாரி மலாயில் கேட்டார். என்னத்தைச் சொல்வது? துரை கார் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நிற்க வேண்டும் என்று சின்ன வயதிலிருந்து நீங்கள் பழக்கியதையா? துரை பின்சீட்டில் பேப்பர் படித்துக்கொண்டே போனார். தலையைக்கூடத் தூக்கவில்லை.

மாஸ்டருக்கு விஷயம் தெரிந்ததும், "ரோட்டுல அவருக்கு ஒரு பாதி, உனக்கு ஒரு பாதி லா. அவரு போனா உனக்கென்ன?" என்றார். இந்த ஒரு வார்த்தையை எனக்கு இத்தனை வருஷமாக யாருமே சொல்லவில்லையே!

வீட்டுக்கு வந்தால் அம்மா உங்களுக்கும் மேல். "நல்லவேள நிப்பாட்டுன. இல்லன்னா தொர என்ன நெனப்பாரு?" என்கிறார். வந்த ஆத்திரத்தில் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிட்டேன்.

நீங்கள் எங்களை விட்டுப் போன அன்றைக்குக் காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசலில் கிடந்தீர்கள். ஆபீஸ் முன்னால் எஸ்டேட் லோரி சும்மா நின்றது. துரை வந்து உத்தரவு தரட்டும் என்றார் நம்மை வேலை வாங்கும் மண்டோர். அவரை விடுங்கள். நீங்களே என் கையைப் பிடித்து, "கேக்காம எடுத்தா தப்பும்மா, தொர வரட்டும்" என்றீர்களே. துரை வந்தபோது நீங்கள் இல்லை. உயிர் போகும்போதுமா அப்பா ஓரமாக ஒதுங்கி நிற்பது? உங்களுக்கு இதை யார் பழக்கியது?

அடுத்த மாதம் மறுபடியும் சோதனைக்குப் போகிறேன். எதிரே யார் கார் வந்தாலும் என் பாதியில் நான் போவேன். லைசென்ஸ் கைக்கு வந்த பிறகு, அம்மாவுக்கு எந்த நேரத்தில் முடியாமல் போனாலும் தூக்கி உட்காரவைத்து நேராக ஆஸ்பத்திரிக்கு ஓட்டுவேன். யாரிடமும் கேட்க மாட்டேன். இது சத்தியம்.

இன்னும் உங்களோடு சண்டை தீராத மூத்த மகள்,
செல்வி