நீல டிரம்மும் நீயும்

என் வீட்டு டீச்சருக்கு,

மாடியேறித் திரும்பி வந்தால் நீ குளித்துக்கொண்டிருக்கிறாய், அடுத்த பஸ்ஸுக்கு ஆறு நிமிடம்தான் இருக்கிறது. அதனால் எழுதி வைத்துவிட்டுப் போகிறேன். முதல் பஸ்ஸைத் தவறவிட்டதற்குப் புதுக் கண்ணாடிதான் காரணம்.

பஸ் நிறுத்தத்திலிருந்து நம் மூன்றாம் மாடியை நிமிர்ந்து பார்த்தேன். பால்கனியில் நீலமாகத் தெரிவது நீதான் என்று ஆறு வருடமாகக் கையசைத்திருக்கிறேன். அது தண்ணீர் டிரம். நீயோ அதற்குப் பக்கத்தில், நம் சமையலறை ஜன்னலில் நின்று, கரண்டியும் கையுமாக அசைத்துக்கொண்டிருந்தாய். அவ்வளவு தூரத்திலிருந்து உன் வளையல் தெரிந்தது. நெற்றியில் ஒட்டியிருந்த முடி தெரிந்தது.

"ஒரு நாளாவது திரும்பக் கை காட்டியிருக்கீங்களா?" என்று நீ கேட்கும்போதெல்லாம், "தினமும் காட்டறேனே" என்று சண்டைக்கு வந்தேன். இரண்டு பேருமே பொய் சொல்லவில்லை.

குழாய் ரிப்பேர்காரர் ஐந்து மணிக்கு வருவார். சாவி செருப்பு அலமாரி மேல் இருக்கிறது.

ஆந்தை மாதிரி இருக்கிறது என்று நேற்று நான் கத்தினேனே, நீ எடுத்த அந்த வட்ட ஃபிரேமே இருக்கட்டும்.

இன்னொன்று: நேற்றைய கோபம் உன் முகத்தில் அப்படியே இருந்தது. அதோடும் கையசைத்தாய். நான் வாயைப் பிளந்து நின்றதில், இன்றைக்குத்தான் கையைத் தூக்க மறந்துவிட்டேன்.