சனிக்கிழமை பார்லித் தண்ணீர்

5 ஜூலை, சனி

புள்ளியியல் என்னைக் கொல்கிறது. மனிதவளத்தில் எம்.பி.ஏ. படிக்க வந்தவளுக்கு எதற்கு இந்த வளைகோடெல்லாம்? நாற்பத்தோரு வயதில் சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டேன்.

இன்றும் பிரமிளா வீட்டில்தான் ஆன்லைன் வகுப்பு. அவளும் என்னோடு படிப்பவள். வீடு தஞ்சோங் ரம்புத்தானில். என் வீட்டில் முடியாது. பக்கத்து வீட்டுக்காரர் சனிக்கிழமை மத்தியானம் கராவோக்கேயைப் போட்டால் விரிவுரையாளர் வாயசைப்பது மட்டும்தான் தெரியும். இங்கே மைக்கை அடைத்துவிட்டு, முறுக்கைக் கடித்துக்கொண்டு, விரிவுரையாளரைக் கிண்டல் செய்தபடி படிக்கிறோம்.

கிளம்பும்போது ரசாக் முதலாளி வழக்கம்போல ஒரு புட்டி பார்லித் தண்ணீர் கொடுத்தார். "குளிர்ச்சிம்மா, தலைக்கு நல்லது." அவருக்கு ஈப்போவில் ஆறு சாப்பாட்டுக் கடை. ஆள் சேர்ப்பது, சம்பளம், லீவு எல்லாம் பார்க்கும் ஆபீஸ் கிராணி நான். வெயிலில் வண்டி ஓட்டிப் போகிறேனே என்ற அக்கறை போல. தங்கமான மனுஷர்.

9 ஜூலை, புதன்

என் வீட்டுக்காரர் தனேஸ் மறுபடியும் ஆரம்பித்தார். "கடையில சொல்லிட்டியா, படிக்கிறேன்னு?"

சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். எங்கள் தாமான் குடியிருப்பில் பாதிப் பேர் பழைய ரப்பர் தோட்டத்து லயத்துச் சனம். ஒரு வீட்டில் கடுகு தாளித்தால் பத்து வீட்டுக்குத் தெரியும். முடிக்கும் முன்னே சொன்னால் கண்ணு பட்டுரும் என்று என் அம்மா சொல்வது ஒரு பக்கம். ஃபெயில் ஆகிவிட்டால் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்பது இன்னொரு பக்கம். அதனால் இரண்டு வருஷத்துக்கு முன் முதலாளியிடம் இவ்வளவுதான் சொன்னேன்: "சனிக்கிழமை மத்தியானம் தஞ்சோங் ரம்புத்தான் போகணும் முதலாளி. ரெண்டு வருஷம் ஆகும்." ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. மெல்லத் தலையாட்டினார்.

12 ஜூலை, சனி

'பணியிட மோதல்களைத் தீர்த்தல்' கட்டுரைக்கு ஏ!! எங்கள் தலைமைச் சமையல்காரர் ஸுஹைரைப் பற்றித்தான் எழுதியிருந்தேன். எல்லார் மீதும் கரண்டியை வீசுகிற ஆள் என்னிடம் மட்டும் இரண்டு வருஷமாகக் குரலே உயர்த்துவதில்லை. என் அணுகுமுறை அப்படி.

17 ஜூலை, வியாழன்

முதலாளி கூப்பிட்டார். "தங்கச்சி, ஆளுங்க நூத்தி இருபதுக்கு மேல போயிட்டாங்க. ஒரு எச்.ஆர். மானேஜர் வேணும். நீயே விளம்பரம் போட்டுரு."

என்னிடமே! 'எம்.பி.ஏ. இருந்தால் நல்லது' என்று என் கையாலேயே அடித்தேன். எட்டு வருஷம் இந்தக் கடைகளுக்கு உழைத்தவள் கண்ணுக்குத் தெரியவில்லையா? வெளியிலிருந்து ஒருத்தர் வந்து உட்கார, நான் அவருக்குக் கோப்பு தூக்கணும்?

18 ஜூலை, வெள்ளி

வயிறு எரியுது.

26 ஜூலை, சனி

தனேஸிடம் கொட்டித் தீர்த்தேன். "நீ கேட்டியா?" என்றார்.

"கேட்டு வாங்க அது என்ன பிச்சையா? அழையாத வீட்டுக்குள்ள நுழையக் கூடாது."

"வீட்டுச் சாவியே ஒன் கையிலதானே லா இருக்கு!"

கோபத்தில் அவருக்குத் தோசை வார்க்கவில்லை. அவரே வார்த்துக்கொண்டார், எனக்கும் சேர்த்து. அதுவும் மொறுமொறுவென்று! நிம்மதியாகக் கோபப்படக்கூட விடமாட்டார்.

6 ஆகஸ்ட், புதன்

இண்டர்வியூக்கு முதல் ஆள் வந்தார். தர்மேந்திரன், முப்பது வயது, டையும் கோட்டும். தே தாரிக் டீ கொண்டுபோய்க் கொடுத்தது நான். "வேலை கஷ்டமாக்கா?" என்று கேட்டார்.

"ரொம்ப" என்றேன். தப்புதான். ஆனால் இனித்தது.

7 ஆகஸ்ட், வியாழன்

இன்று பொறுக்க முடியவில்லை. நேரே முதலாளி அறைக்குள் போனேன். "ஏன் முதலாளி என்னைய ஒரு வார்த்தை கேக்கல? நான் இந்த வேலைக்கு லாயக்கில்லையா?"

அவர் எழுந்து கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். "லாயக்கு இல்லன்னு யாரு சொன்னா? மானேஜர் வேலைன்னா டென்ஷன்மா. ஒனக்கு மொதல்ல ஒடம்பு நல்லாகட்டும்."

"எனக்கு என்ன ஒடம்புக்கு?"

"சனிக்கிழம... தஞ்சோங் ரம்புத்தான்..."

அலாமாக்! தஞ்சோங் ரம்புத்தான் என்றாலே ஊருக்கு நினைவு வருவது அந்தப் பெரிய மனநல ஆஸ்பத்திரிதானே! வாராவாரம் நான் வைத்தியத்துக்குப் போகிறேன் என்று இரண்டு வருஷமாக இந்த மனுஷர் நினைத்துக்கொண்டிருக்கிறார். தலைக்குக் குளிர்ச்சி — பார்லி! கணக்கில் நான் பிழை விட்டால்கூட அவருடைய மகள் பல்கீஸ் "பரவால்லக்கா, மெதுவா பாருங்க" என்பது! ஐயோ, ஸுஹைர்! அதற்கு ஏ வேறு வாங்கியிருக்கிறேனே!

சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டேன். அதைப் பார்த்து அவர் இன்னும் பயந்துபோனார். கைப்பேசியில் மதிப்பெண்களைக் காட்டிய பிறகுதான் நம்பினார். "ஏம்மா, படிக்கிறத போய் யாராச்சும் மறைப்பாங்களா?"

நிஜமாகவே நோயாக இருந்திருந்தாலும் இந்த இடத்தில் யாரும் என்னைக் கைவிட்டிருக்க மாட்டார்கள். அதை நினைத்து வீடு வரைக்கும் அழுகையாக வந்தது.

"சும்மா தூக்கிக் குடுக்க மாட்டேன். நீயும் இண்டர்வியூக்கு வா" என்றிருக்கிறார். சரி. வாரேன்.

8 ஆகஸ்ட், வெள்ளி

லீவு அட்டவணைக்காக ஸுஹைர் என்னைப் பார்த்துக் கத்தினார். கடை முழுக்கக் கேட்டது. எவ்வளவு சந்தோஷம்!

14 ஆகஸ்ட், வியாழன்

இண்டர்வியூ. எனக்கு நானே நேரம் குறித்து, எனக்கு நானே தே தாரிக் போட்டுக்கொண்டு போய் உட்கார்ந்தேன். பல்கீஸ் பக்கத்தில் இருந்தாள். முதலாளி கேட்டார்: "ஒரு ஆளு மனசுல என்னமோ வச்சிருக்கு. எப்படிக் கண்டுபிடிப்பே?"

"கேப்பேன் முதலாளி."

"நான் கேக்கலையே."

"நானும் சொல்லலையே."

பல்கீஸ் கோப்பால் முகத்தை மறைத்துக்கொண்டாள்.

18 ஆகஸ்ட், திங்கள்

தனேஸுக்கு இன்று மானேஜர் கையால் நெய்த் தோசை.

11 அக்டோபர், சனி

கடைசி வகுப்பு. காலையில் ஸுஹைர் இரண்டு தடவை கத்தினார். மூன்றாவது கடையில் காசாளரும் பரிமாறுபவரும் அடித்துக்கொள்ளாத குறை. இருவரையும் உட்கார வைத்துப் பேசினேன். தீபாவளிக்கு ஒரே நாளில் முப்பது பேர் லீவு கேட்டிருக்கிறார்கள். இன்னொருவர் அழுதுகொண்டே போனார். அவரிடம் திங்கட்கிழமை உட்கார்ந்து கேட்கணும்.

மத்தியானம் வண்டியை எடுக்கும்போது முதலாளி புட்டியோடு ஓடி வந்தார். "இன்னுமா முதலாளி? எனக்குத்தான் ஒன்னும் இல்லன்னு தெரிஞ்சிருச்சே!"

"முன்ன குடுத்ததெல்லாம் வேஸ்ட்டு லா தங்கச்சி. இப்பதான் ஒனக்கு இது வேணும்."

வண்டியைக் கிளப்பவில்லை. அங்கேயே உட்கார்ந்து முழுப் புட்டியையும் குடித்தேன்.